கலியாணம் முடிந்தால்தான் கூலி

பெறுநர்: காதல் செயலிக் கம்பெனிகளின் மேலதிகாரிகள், கலிபோர்னியா, டெக்சாஸ் மற்றும் இதர இடங்கள்.
அனுப்புநர்: கலியாணத் தரகர் ஒருவர், படுவான்கரை, மட்டக்களப்பு.

ஐயாமாரே, அம்மாமாரே,

நீங்களும் நானும் ஒரே தொழில்காரர். ஒரு பொடியனையும் ஒரு பெண்பிள்ளையையும் ஒருவர் கண்ணில் மற்றவர் படவைத்து, அதில் வயிறு வளர்க்கிறோம். உங்களுக்கு அதற்குக் கண்ணாடிக் கட்டடமும் சேவரும் இருக்கின்றன. என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும், றப்பர் வளையம் போட்ட சாதகக் கட்டொன்றும், மழைக்கு ஒரு குடையும் இருக்கின்றன. தொழிலில் மூத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்களில் மிகப் பெயர்போன டிண்டரே 2012இல் பிறந்த குழந்தை. நான் அதற்கு முன்பே பல கலியாணங்களின் பந்தியில் முதல் இலையில் இருந்தவன்.

உங்கள் வெற்றியில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் மைக்கல் ரோசன்பெல்ட்டும் கூட்டாளிகளும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2017இல் சந்தித்த ஆண்–பெண் சோடிகளில் நூற்றுக்கு 39 சோடி இணையத்தில்தான் சந்தித்ததாம். நூற்றுக்கு முப்பத்தொன்பது! நான் வாழ்நாள் முழுக்க மோட்டார் சைக்கிள் உதைத்தாலும் ஒரு பிரதேச செயலகப் பிரிவில்கூட அவ்வளவு பிடிக்க முடியாது. ஆனால் சந்திக்கவைத்த கணக்கைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். சேர்த்துவைத்த கணக்கை நான் பிறகு கேட்பேன்.

முதலில் தூரத்தைப் பற்றி ஒரு முறைப்பாடு. என் மருமகன் முறையான பொடியன் ஒருவன் அம்பிளாந்துறைத் துறையடியில் நின்றுகொண்டு போனைத் திறந்தான். செயலியின் பெயர் வேண்டாம். நல்ல முகவெட்டுள்ள ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி, கீழே "இரண்டு கிலோமீற்றர் தூரத்தில்" என்று போட்டிருந்தது. பொடியன் சேட்டைத் தேய்க்கக் கொடுத்துவிட்டான். பிள்ளை இருந்தது குருக்கள்மடத்தில். நடுவில் ஓடுவது மட்டக்களப்பு வாவி.

உங்கள் இயந்திரம் காகம் பறக்கிற தூரத்தை அளக்கிறது. காகத்துக்குக் கலியாணம் பேசினால் அது சரி. எங்கள் வாவி வடக்கு தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை: கடல், பெரிய றோட்டு, கச்சேரி, வங்கி, டியூஷன் எல்லாம் அங்கே. சூரியன் படும் பக்கம் படுவான்கரை: வயல், மாடு, யானை, நான். அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கடத்தும் இரும்புத் தெப்பத்தை. அதை விட்டால் கொக்கட்டிச்சோலைக்கு வந்து, மண்முனைப் பாலத்தில் ஏறி, ஆரையம்பதியால் கிறுகித் தெற்கே ஓட வேண்டும். அந்தப் பாலமும் 2014இல்தான் ஜப்பான் காசில் வந்தது. போர்க்காலத்தில், 2007 வரை, அக்கரையில் ஒரு ஆட்சி, இக்கரையில் ஒரு ஆட்சி. பொருத்தம் பேசப் போன தரகனை இரண்டு பக்கத்திலும் மறித்து, "யார்ர ஆள்?" என்று கேட்பார்கள். "மாப்பிள்ளைட ஆள்" என்று சொல்லித் தப்பிய காலம் அது. உங்கள் தூரக் கட்டையை இழுத்து இழுத்துக் கூட்டவும் குறைக்கவும் வசதி வைத்திருக்கிறீர்கள். அதில் "நடுவில் தண்ணீர் உண்டா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தால் சேட்டுத் தேய்த்த காசாவது மிஞ்சும்.

வாவி என்றதும் பாடும் மீனைச் சொல்லாமல் விட்டால் என்னை ஊரில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன். முழுநிலவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் சத்தம் கேட்கும். 1848இல் எமர்சன் டெனன்ட் துரையும் வந்து கேட்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் நாட்டு ஆண்கள் செயலியில் பெரிய மீனொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் போடுவதாக மருமகன் சொன்னான். இங்கே அப்படிப் படம் போட்டால், "கிலோ என்ன விலை தம்பி?" என்றுதான் பதில் வரும்.

இனித் தொழிலின் உயிர்நாடிக்கு வருவோம். உங்கள் படிவத்தில் உயரம் உண்டு, நாய் பிடிக்குமா பூனை பிடிக்குமா உண்டு, உடற்பயிற்சி உண்டு, சூரியனை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசியும் உண்டு. நட்சத்திரம் இல்லாத ராசியை வைத்து எந்தச் சாத்திரியாரிடம் போவது என்று நான் கேட்கவில்லை. "குடி" என்று ஒரு கட்டம் எங்கே?

மதுபானக் குடி இல்லை; அந்தக் கட்டம் உங்களிடம் இருக்கிறது, எல்லாரும் "எப்போதாவது" என்றே நிரப்புகிறார்கள். நான் கேட்பது தாய்வழிக் குடி. இங்கே பிள்ளை அப்பனின் குடியைச் சேராது, தாயின் குடியைத்தான் சேரும். ஒரே குடிக்குள் பிறந்த ஆணும் பெண்ணும் எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கச்சி. அதற்குள் கலியாணம் கூடாது. முஸ்லிம் சகோதரர்களிடமும் இந்தக் குடிமுறை இருக்கிறது. இதெல்லாம் காட்டுக்கதை என்று நினைத்தால், உங்கள் நாட்டு மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயின் புத்தகத்தைப் பாருங்கள். அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆராய்ந்து, 2008இல் தடித்த நூலாகவே வெளியிட்டார்.

கொழும்பில் வேலைசெய்யும் எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவனுக்கு ஒரு செயலி சோடி காட்டியது. பிள்ளையும் மட்டக்களப்புத்தான், அதுவும் கொழும்பில்தான். இரவிரவாக எழுத்து. பிடித்த படம் ஒன்று, பிடித்த சாப்பாடு ஒன்று, இரண்டு பேருக்கும் தொண்ணூற்றெட்டுப் பொருத்தமோ என்னவோ. ஒருநாள் பிள்ளை ஆசையாக எழுதியது: "எங்கட கோயில் திருவிழாவுக்கு வாங்களன், நாலாந் திருவிழா எங்கட குடிட." பொடியன் கை நடுங்கத் தாய்க்குப் போன் எடுத்தான். தாய் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளைட அம்மாட அம்மா எந்த ஊர்கா?" அரை நிமிடத்தில் முடிந்தது காதல். இப்போது அந்தப் பிள்ளை அவனை "அண்ணா" என்று கூப்பிடுகிறது. தாய் கேட்ட கேள்வியை நான் வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டிருப்பேன்.

இந்தக் கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். படித்த பிள்ளைகள் சிலர் குடியை உடைத்துக் கட்டி நன்றாக வாழ்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் நான் தேத்தண்ணி குடிக்கிறேன். உடைக்கிறவனுக்கும் எதை உடைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இரண்டு மாதம் கனவு காணவைத்துவிட்டுத் தெருவில் விடுவது தரகுக்கு அழகில்லை.

உங்களில் ஒரு கம்பெனி பெரிய கணக்கொன்றைப் பாவிக்கிறதாம். டேவிட் கேல், லொயிட் ஷப்லி என்ற இரண்டு மேதைகள் 1962இல் போட்ட நிலையான கலியாணக் கணக்கு. ஷப்லிக்கு 2012இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒவ்வொரு ஆணும் பெண்களை வரிசைப்படுத்த, ஒவ்வொரு பெண்ணும் ஆண்களை வரிசைப்படுத்த, கடைசியில் ஓடிப்போகக் காரணமில்லாத சோடிகள் மிஞ்சும். அழகான கணக்கு. தாய்மாமனுக்கு அதில் வாக்கு இல்லை. மாமிக்கும் இல்லை. அக்காவுக்கு இன்னும் வீடு கட்டி முடியவில்லை என்பதற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை.

அந்த வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். கிறிஸ்தோபர் பிரிட்டோ இங்குள்ள முக்குவர் சமூகத்தின் சட்டத்தைத் தொகுத்து அச்சிட்ட 1876க்கு முன்பிருந்தே இங்கே சொத்து பெண்வழியில்தான் இறங்கிவந்திருக்கிறது. இன்றும் வீடு வளவு மகளுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வர வேண்டும். மட்டக்களப்புக்குப் போனால் பெண்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் இன்றுவரை பயப்படுகிறார்கள். மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. பாய் மட்டுமா, பாய் விரித்த திண்ணையும் அதைச் சுற்றிய தென்னையும் பெண்ணின் பெயரில் இருக்கும்போது அவன் எழுந்து எங்கே போவான்? நீங்கள் தங்க அட்டை, பிளட்டினம் அட்டை என்று மாதக் கட்டணம் வாங்கியும் ஒருத்தனை ஒரு கிழமை ஒரே முகத்தில் நிறுத்த முடியவில்லை.

இதில் கசப்பும் உண்டு, மறைக்கவில்லை. வீடில்லாத பிள்ளையின் சாதகம் என் கட்டின் அடியில் கிடக்கிறது. அந்த வீட்டைக் கட்டத்தான் தம்பி கட்டாரில் சீமெந்து சுமக்கிறான், அவனுடைய கலியாண வயது அங்கேயே கழிகிறது. அவன் காதல் இமோ என்ற பேச்சுச் செயலியில் ஓடுகிறது. இரவு வேலை முடிந்து வந்து, இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்து, மற்ற ஏழு பேர் குறட்டைக்கும் நடுவில் போனைப் போர்வைக்குள் வைத்துப் பேசுகிறான். உங்கள் செயலிக்கு அவன் எட்டாயிரம் றியால் சம்பளக்காரனா எண்ணூறு றியால் சம்பளக்காரனா என்பது தெரியாது. அவன் காதலிக்குத் தெரியும். தெரிந்துதான் காத்திருக்கிறாள்.

படத்தையும் விபரத்தையும் நம்பிப் பொருத்தம் பார்ப்பதன் ஆபத்துக்கு எங்களிடம் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. வைகாசியில் செட்டிபாளையத்துக்கு வாருங்கள். கண்ணகை அம்மன் சடங்கில் கலியாணக்கால் நாட்டி, அம்மனுக்கு வருடாவருடம் கலியாணம் செய்துவைக்கிறோம். மாப்பிள்ளையின் விபரத்தை உங்கள் பாணியில் எழுதினால் இப்படி வரும்: கோவலன், புகார் நகரம், பெரிய வணிகக் குடும்பம், யாழ் வாசிப்பேன், கடற்கரை பிடிக்கும், பயணம் பிடிக்கும். ஒரு பொய் கிடையாது. எந்தப் பிள்ளையும் வலப்பக்கம் தள்ளியிருக்கும். மிச்சத்தை மதுரைக்காரரிடம் கேளுங்கள்.

எழுத்துத் தரத்தையும் கவனிக்க வேண்டும். வயற்காட்டில் கவி சொல்லிக் காதலித்த சனம் இது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" எழுதியபோது நாட்டுக் கவிகளுக்கும் அதில் இடம் கொடுத்தார். மச்சான் நாலு அடியில் ஒரு கேள்வி போட்டால் மச்சாள் நாலு அடியில் திருப்பி அடிக்க வேண்டும். முடியாதவருக்குக் காதல் இல்லை. மருமகனின் போனை வாங்கிப் பார்த்தேன். "ஹாய்." "ஹாய்." "சாப்பிட்டாச்சா?" "ம்." இதற்கு இரண்டு நாள் எடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் கடல் தாண்டிச் சோடி சேர்த்தபோதும் எங்கள் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 ஜனவரி 1 முதல், வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் இலங்கையரைப் பதிவுத் திருமணம் செய்வதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டுமென்று பதிவாளர் நாயகம் சுற்றறிக்கை விட்டார். களுவாஞ்சிக்குடியில் பிறந்து சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்த பொடியனும் வெளிநாட்டுப் பிரஜைதான். சாத்திரியார் பார்க்கும் பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக இராணுவப் பொருத்தமும் அப்போது வேண்டியிருந்தது. அன்று உங்கள் செயலியில் அதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தால் நல்ல வியாபாரம் நடந்திருக்கும்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். எனக்குக் கூலி கலியாணம் முடிந்தால்தான். முடியாவிட்டால் ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். பெற்றோல் என் கைக்காசு. ஆகவே நான் வயதில் இரண்டைக் குறைப்பேன், வழுக்கையைத் தொப்பியால் மறைப்பேன், ஆனால் இரண்டு பக்கத்தையும் எப்படியும் மணவறையில் ஏற்றிவிடப் பார்ப்பேன். மணவறையில் ஏறியவன் என் வாடிக்கையாளன் இல்லை, அவன் போனால்தான் எனக்குச் சோறு. உங்களுக்கு அவன் போனால் சோறு நின்றுவிடும். மாதாமாதம் தனியாக இருக்கிறவன்தான் மாதாமாதம் கட்டுகிறான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. டிண்டரும் ஹிஞ்சும் மேட்ச் குழுமத்தின் கடைகள். 2024 பெப்ரவரி 14இல், நாள் பார்த்து, அந்தக் குழுமத்தின் மேல் சான்பிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார்கள். ஆளைச் சேர்ப்பதற்குப் பதிலாகச் சூதாட்டம் மாதிரி அடிமையாக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. குழுமம் மறுத்தது. ஹிஞ்ச் தன் விளம்பரத்தில், தன்னைப் போனிலிருந்து அழித்துவிடத்தான் தன்னைச் செய்ததாகச் சொல்கிறது. அழித்தவனிடம் எப்படிக் காசு வாங்குகிறீர்கள் என்று அறிய ஆசை. அதற்கு முன் 2019இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் அதே குழுமத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தது. மோசடிக் கணக்கு என்று சந்தேகப்பட்ட ஆட்களிடமிருந்து வந்த செய்தியைக் காட்டி, "உங்களை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, காசு கட்டினால் பார்க்கலாம்" என்று சனத்தை இழுத்தார்கள் என்பது புகார். 2025 ஓகஸ்டில் 14 மில்லியன் டொலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள். இல்லாத பெண்ணின் கடிதத்தைக் காட்டி நான் காசு கேட்டிருந்தால், கொக்கட்டிச்சோலைச் சந்தியில் வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்; டொலர் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. எங்கள் பிள்ளைகளிடம் மாதக் கட்டணம் வாங்குவதை நிறுத்துங்கள். சோடி சேர்ந்து, பதிவாளர் முன் கையெழுத்து வைத்த பிறகு உங்கள் கூலியைக் கேளுங்கள். கூடவே ஒரு வேட்டி சால்வையும் வாங்கித்தரச் சொல்லி நானே சிபாரிசு செய்கிறேன். இதற்குச் சம்மதமென்றால் படுவான்கரைக் கிளையை நான் பொறுப்பெடுக்கத் தயார். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் பெற்றோல் அடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
தொழில் மூத்தவன்,
படுவான்கரை.