வெந்த லைனர், வேகாத பேட்

சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில், பிரேக்குக்கு எந்த லைனர் போடலாம் என்று யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை. புதுப்பேட்டையில் அன்றைக்கு எது கிடைத்ததோ அதுதான் லைனர். வாடகை டாக்சிக்கும் அதுதான், மாம்பலத்து டாக்டர் வீட்டு பியட்டுக்கும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடப்போகிற பியட்டுக்கும் அதேதான். டாக்சிக்காரர் விலையைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்பார். பந்தயக்காரர் கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போவார். வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்லூரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நான் பொழுதைப் போக்கியது புதுப்பேட்டையில் ஒரு மேஸ்திரியின் தகரக் கொட்டகையில். தேய்ந்த லைனரின் ரிவிட்டைத் துளைத்து எடுப்பது, ஷூவைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, புது லைனரை வைத்து ரிவிட் அடிப்பது. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே போகவேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் உப்பிக்கொள்ளும். பந்தய வண்டி என்றால் மேஸ்திரி கூடுதலாக இரண்டே காரியம் செய்வார். லைனரின் முன் ஓரத்தை அரத்தால் சாய்வாகத் தேய்த்துவிடுவார். "இல்லாங்காட்டி கப்புனு புடிச்சி ஒரு பக்கமா இஸ்துகினு பூடும்பா" என்பார். பிறகு காற்றுப் போகட்டும் என்று வீல் கப்பைக் கழற்றி மூலையில் எறிவார். அவருடைய ரேசிங் டெக்னாலஜி அத்தோடு முடிந்தது.

சோழவரம் என்பது செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. விமானம் ஏறி இறங்கப் போட்ட கான்கிரீட் ஆயிற்றே, நேராக எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகலாம். சங்கடமெல்லாம் அந்த நேர்பாதை முடிகிற இடத்தில். பியட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் சூடேறினால் விரியும். விரிந்த டிரம்மை எட்டிப் பிடிக்க உள்ளே ஷூ இன்னும் கொஞ்சம் நகரவேண்டும். அதற்குப் பெடல் இன்னும் கீழே போகவேண்டும். முதல் சுற்றில் பாதி தூரத்தில் பிடித்த பெடல் நான்காவது சுற்றில் தரையைத் தேடும். ஓட்டுகிறவர் நேர்பாதையிலேயே இரண்டு தடவை பெடலை மிதித்துப் பார்த்துக்கொள்வார். மிச்ச நம்பிக்கையைக் கியரின் மேல் வைப்பார், அதற்கும் மேல் போனால் வடபழனி ஆண்டவர் மேல்.

வண்டி உள்ளே வந்ததும் மேஸ்திரி சக்கரத்துப் பக்கம் குனிந்து மூக்கை நீட்டுவார். லைனரைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். அளவு மீறிச் சூடேறினால் அது கருகி வாயுவாகக் கிளம்பும். அந்த வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் ஜென்மத்துக்கும் மறக்காது. மேஸ்திரி நிமிர்ந்து, "வெந்துருச்சு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார். அப்பீல் கிடையாது. இத்தனைக்கும் எங்கள் கிளப் பிறந்த அதே 1953-இல்தான் லெமான் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக் போட்டுக்கொண்டு ஜெயித்தது. முப்பது வருஷம் கழித்தும் நாங்கள் டிரம்மை மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்லிவிடுகிறேன். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சேர்ந்திருக்கும் சாம்பல் நிறத் தூசியை மேஸ்திரி ஏர் குழாயை வைத்து ஒரே ஊதாக ஊதுவார். கொட்டகையே பனி மூட்டம் போட்டதுபோல் ஆகும். புருவத்தில் படிந்ததைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் டீ கிளாசை வாங்குவோம். லைனரில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக எழுந்து வரக்கூடிய சாமான். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிரேக் பேட் தூசியிலிருக்கும் செம்பு ஆற்றில் கலந்து மீன்களைக் கெடுக்கிறது என்று சட்டம் போட்டு, 2025 முதல் புது பேடில் செம்பு அரை சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். கூவத்துக்கு மிக அருகில் உட்கார்ந்து ரிவிட் அடித்த எங்களைவிட அந்த ஊர் மீனுக்கு மரியாதை அதிகம்.

பிறகு சோழவரம் ஓய்ந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். மேஸ்திரியின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நானும் ஒழுங்காக ஒரு வேலைக்குப் போய், ரிட்டயரும் ஆகிவிட்டேன்.

இனி, இன்றைய கதை. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்தின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது அல்லவா? அதன்பிறகு ஓ.எம்.ஆரில் கார் வைத்திருக்கும் ஐ.டி. பையன்களில் பாதிப் பேருக்குக் கால் துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. என் அக்கா மகனுக்கும். அவனிடம் ஒரு ஜெர்மானிய ஹேட்ச்பேக் இருக்கிறது. பணம் கட்டினால் சொந்தக் காரையே பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்கிற ‘டிராக் டே’ ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மாமா, எந்த பேட் போடலாம்?"

கையில் எக்செல் தாள். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கட்சிக் கொடிபோல ஒரே கம்பெனியில் நான்கு நிறம். அதற்குப் பக்கத்தில் இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான். ஒவ்வொன்றுக்கும் உராய்வு எண், வெப்ப வரம்பு, விலை. மேஸ்திரி உயிரோடு இருந்து அந்தத் தாளைப் பார்த்திருந்தால், டீ கிளாசை அதன்மேல் வைத்திருப்பார்.

பேடின் ஓரத்தில் அச்சிடும் இரண்டு எழுத்துகளை அவன் மனப்பாடமாகச் சொன்னான். முதல் எழுத்து ஆறியிருக்கும்போது எப்படிப் பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில். ‘எஃப்’ என்றால் 0.35-லிருந்து 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45-லிருந்து 0.55. "அப்ப ‘ஜி ஜி’ போட்டா சீக்கிரம் நிக்கும்ல மாமா?" நிற்காது. அவனுடைய சாதா பேடே ஓங்கி மிதித்தால் சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் நிறுத்துவது டயரின் வேலை. டிராக்கில் ஓட்ட வேறு பேட் கேட்பது பிடிக்கு இல்லை, சூட்டுக்கு. அந்த இரண்டு எழுத்துக்கான சோதனையோ டிராக்கில் ஏறுகிற சூடு வரைக்கும் போவதே இல்லை.

சூடு என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ வண்டி, 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வளைவுக்காக 70-க்கு இறங்குகிறது. அந்த மூன்று நான்கு விநாடியில் பிரேக்கில் இறங்கும் சூட்டை வைத்து மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அதில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு. ஆறுவதற்குள் அடுத்த வளைவு. வீட்டு உபயோக பேட் ஓரளவு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும், பிறகு மேஸ்திரி சொன்ன அந்த ஒற்றை வார்த்தைதான். பந்தய பேட் அந்தச் சூட்டில் சுகமாக இருக்கும். ஆனால் சூடேறாதபோது சோம்பேறி.

இதைத்தான் எக்செல் தாள் சொல்லாது. காரை டிராக்கில் ஓட்டுவது ஒருநாள்; மிச்ச நாளெல்லாம் சோழிங்கநல்லூர் சிக்னல். முழுப் பந்தய பேடைப் போட்டுக்கொண்டு காலையில் அபார்ட்மென்ட் சரிவில் இறங்கினால் முதல் மிதியில் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். சிக்னலுக்குச் சிக்னல் கிறீச்சிடும், டிஸ்க்கை அரம்போல அராவும். அவன் நண்பன் ஒருவன் அப்படிப்பட்ட பேடை வாங்கி வருஷம் முழுக்க மாட்டிக்கொண்டு திரிகிறான். அது வேகும் அளவுக்கு ஒருநாளும் அவன் ஓட்டியதில்லை. சத்தம் மட்டும் ஜோராக வருகிறது. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அதுவே அவனுக்குப் போதும் போலிருக்கிறது.

"மொதல்ல பிரேக் ஆயில மாத்து" என்றேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று. ஆயிலில் காட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? நிறம் கிடையாது, வீல் இடுக்கில் எட்டிப் பார்க்காது. ஆனால் புது பேட் போட்டவனும் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரைக்கும்கூட இறங்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்தால், பெடல் அந்தக் குமிழைத்தான் அமுக்கும், பேடை இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த பேடாக இருந்தாலும் அது டிஸ்க்கைத் தொடாமல் வேடிக்கை பார்க்கும். எங்கள் கொட்டகையில் பிரேக் ஆயில் டின் மூடி தொலைந்து, வாயில் துணி அடைத்து மாதக்கணக்கில் நின்றது. நாங்கள் டிரம்மைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் டிராக்கும் தெருவும் கலந்து தாங்குகிற நடுத்தர பேட் ஒன்றும், நல்ல ஆயிலும் என்று முடிவானது. முகக்கவசம், நீலக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவனே பேடை மாற்றினான். அவற்றின் விலைக்கு மேஸ்திரி ஒரு செட் லைனரே அடித்துக் கொடுத்திருப்பார். விடிகாலையில் காலி ரோட்டில் வேகமெடுத்து, முழுக்க நிறுத்தாமல் அழுத்தி அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு ஆறவிட்டுப் பேடைப் பழக்கினோம். பேடின் மெல்லிய பூச்சு ஒன்று டிஸ்க்கில் சமமாகப் படியவேண்டும், அதற்குத்தான். "இவ்ளோ செலவு பண்றது வண்டி நிக்கறதுக்கா? அது கீழ சும்மாதானேடா நிக்குது" என்று கேட்டாள் அக்கா. அவனிடம் பதில் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் அவன் நன்றாகவே ஓட்டினான். வண்டி உள்ளே வந்ததும் லேசர் துப்பாக்கியை நீட்டி டிஸ்க்கின் சூட்டை அளந்து, எண்ணைக் குறித்துக்கொண்டான். ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவைத்துவிட்டு வந்து அளந்தால் உச்சத்தில் எவ்வளவு ஏறியது என்று அது எப்படிச் சொல்லும்? அதற்கு டிஸ்க்கின் விளிம்பில் பூசுகிற சாயம் இருக்கிறது. 430, 560, 610 டிகிரியைத் தாண்டும்போது ஒவ்வொன்றாக நிறம் மாறும். நான் வழக்கம்போல் குனிந்து மூக்கை நீட்டினேன். கருகவில்லை. பக்கத்தில் நின்ற பையன்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடும் கொஞ்சம் கவலையோடும் பார்த்தார்கள்.

அவன் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். கொதிக்கிற பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைக்கக் கூடாது என்பது விதி. சோழவரத்திலும் கல்தான் வைத்தோம். அங்கே ஹேண்ட் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. இவன் வண்டியிலும் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், இன்னமும் டிரம்தான்.

மத்தியானம் ஹைவேயில் பிரியாணி சாப்பிடும்போது, பேட் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பேட் சூப்பர் மாமா, டயர்தான் பத்தல" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் காட்டினான். புதிய எக்செல் தாள். இருபத்துச் சொச்சம் வரிசை இருந்தது.