2666-இல் நிற்கும் ரேம்

கேள்வி: ஐ5-10400 பிராசஸர், பி460 மதர்போர்டு. 3200 வேக ரேம் போட்டேன். பயாஸில் எதை மாற்றிச் சேமித்தாலும் 2666-ஐத் தாண்டவில்லை, மல்டிப்ளையரும் ஏறவில்லை. போர்டு பழுதா?

பதில்: இல்லவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் போர்டுதான். ஆனால் கேட்பது இன்டெல்லின் பேச்சை! பி460 சிப்செட்டில் 10-ஆம் தலைமுறை ஐ5 இருந்தால் ரேமுக்கு 2666தான் உச்சவரம்பு. பயாஸைப் புதுப்பித்தாலும் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது நகராது. இசட்490 போர்டு என்றால் எக்ஸ்எம்பியைப் போட்டதுமே 3200 கிடைத்திருக்கும். மல்டிப்ளையருக்கோ அதுவும் போதாது, பிராசஸர் பெயரின் வாலில் ‘கே’ வேண்டும். அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் கூடுதல் காசு. வாங்கும்போதே கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சிபியு-இசட் மென்பொருள் 1333 என்று காட்டினால் பதற வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்பும். இரண்டால் பெருக்கினால் உங்கள் 2666 வந்துவிடும். ரேம் இரண்டு குச்சிகளா? பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆம், 4-ஆம் இடங்களில் செருகுங்கள். இரட்டைச் சேனல் தரும் பலன், கைக்கு வராத அந்த 3200-ஐவிடப் பெரிது. இதற்காகப் புதுப் போர்டு வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல எஸ்எஸ்டி வாங்குங்கள்.