திட்டவாணர் வடக்கே போகிறார்

ஒஸ்லோவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு திட்டவாணரைப் பார்க்கலாம். மதிய இடைவேளையில், வீட்டிலிருந்து மெழுகுத்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பாண் துண்டைக் கடித்தபடி, எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் "ஜூலையில் லிங்கென் போகிறேன்" என்று தொடங்குவார். எந்த ஆண்டு ஜூலை என்று மட்டும் நாம் கேட்டுவிடக்கூடாது. அது அநாகரிகம்.

லிங்கென் என்பது நோர்வேயின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், துரொம்சோ நகருக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம். இருபுறமும் ஃபியோர்ட், நடுவே பனியாறுகளைச் சுமந்தபடி லிங்கென் ஆல்ப்ஸ். அதன் உயர்ந்த சிகரம் யெக்கெவாரி, 1,834 மீட்டர். இமயத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கே இது பெரிதாகத் தோன்றாதுதான். ஆனால் இங்கே மலைகள் கடற்கரையிலிருந்தே கிளம்புகின்றன. உப்புத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு ஏறத் தொடங்கினால் ஒவ்வொரு மீட்டரையும் சொந்தக் காலால்தான் சம்பாதிக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் திட்டவாணர். அவர் லிங்கெனைப் பார்த்ததில்லை.

சோம்பேறி என்று அவரை எடைபோட்டுவிடாதீர்கள். அவரைப் போல உழைப்பவர் அலுவலகத்திலேயே இல்லை. அந்த உழைப்பு அலுவலகத்துக்காக இல்லை என்பது வேறு விஷயம். அவருடைய கணினியில் ஓர் அட்டவணை இருக்கிறது. கூடாரம், கூடாரத்து முளைகள், தூக்கப் பை, அடுப்பு, கம்பளி உள்ளாடை, மாற்றுக் கம்பளி உள்ளாடை, அதற்கும் ஒரு மாற்று என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே கிராம் கணக்கு. சமையலறைத் தராசு அவர் மேசையில்தான் குடியிருக்கிறது; அதனால் அந்த வீட்டில் கேக் செய்து வெகுகாலமாயிற்று. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து நாலு கிராம் மிச்சம் பிடித்த அன்று அவர் முகத்தில் கண்ட பூரிப்பைச் சம்பள உயர்வு வந்த நாளில்கூட நான் கண்டதில்லை. குளிர்காலம் முழுவதும் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்த எடைக்கு அட்டவணையில் இன்னும் வரிசை ஒதுக்கப்படவில்லை.

சாமான் வாங்குவது தனி வித்தை. மே 20 முதல் ஜூலை 22 வரை துரொம்சோப் பக்கத்தில் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் பேப்பர் படிக்கலாம். அந்த ஜூலைப் பயணத்துக்காக அவர் வாங்கியது, கடையில் இருந்ததிலேயே அதிக வெளிச்சம் தரும் தலைவிளக்கு. திட்டத்தில் துருவக் கரடியைச் சமாளிப்பது பற்றி ஒரு முழுப் பக்கம் உண்டு. துருவக் கரடி இருப்பது ஸ்வால்பார்டில். இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல். கோடையில் லிங்கென் பள்ளத்தாக்குகளில் மனிதரைத் தேடிவரும் மிருகம் நுளம்பு ஒன்றுதான். நுளம்பு பற்றி அட்டவணையில் ஒரு வரிகூடக் கிடையாது. வீரத்துக்கு அது குறைச்சல் போலிருக்கிறது.

கொதிநீர் ஊற்றிச் சாப்பிடும் உலர் உணவுப் பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறார். துரொம்சோவிலேயே ஒரு தொழிற்சாலை அவற்றைத் தயாரிக்கிறது. ஆக, அந்த மான் இறைச்சிக் குழம்பாவது ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. காலாவதித் தேதி நெருங்கும்போது குடும்பமே பால்கனியில் உட்கார்ந்து, வெள்ளோட்டம் என்ற பெயரில், அதைக் கரண்டியால் கிண்டிச் சாப்பிடும். பிள்ளைகள் பீட்சா கேட்டு அழும்.

வானிலை விஷயத்தில் அவர் யோகி. ஒஸ்லோவில் கொட்டும் மழையில் தெப்பமாக நனைந்து அலுவலகத்துக்கு வருவார். குடை எங்கே என்று கேட்டால், "லிங்கெனில் உள்ள லிங்செய்டெட்டில் இன்று வெயில், காற்றும் தென்மேற்கில் லேசாகத்தான்" என்பார். உடம்பு இங்கே, மனம் அங்கே.

வடக்கே எப்படிப் போவது என்ற ஆராய்ச்சிக்கே ஒரு பனிக்காலம் போய்விட்டது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் துரொம்சோ. அது திட்டவாணருக்குக் கட்டாது. அதில் திட்டமிட என்ன இருக்கிறது? காரில் போனால் 1,600 கிலோமீட்டருக்கு மேல். நோர்வே வழியா, சுவீடன் வழியா என்ற விவாதம் வேறு. துரொம்சோவுக்கு ரயில் பாதையே இல்லை என்பதால் ரயிலில் போகும் யோசனையில் அவருக்குத் தனிப் பிரியம். சுவீடன் சுற்றி நார்விக் வரை ரயில், பிறகு பேருந்து, பிறகு ப்ரெய்விகெய்டெட்டிலிருந்து லிங்கென் கரையில் உள்ள ஸ்வென்ஸ்பிக்குப் படகு. அந்தப் படகு நேரங்களை அவர் ஒப்புவிப்பதைக் கேட்டால் படகோட்டியே குறிப்பெடுத்துக்கொள்வார்.

தனியாகப் போகிற ஆளுமில்லை அவர். கைப்பேசியில் ஒரு குழு அமைத்தார். குழு தொடங்கிய வேகத்தில் ஒருவருக்கு முழங்கால் வலி வந்தது, ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவர் வீடு வாங்கிக் கடனில் மூழ்கினார். விலகல் செய்தி வரும்போதெல்லாம் திட்டவாணர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். ஆனால் உடனே உட்கார்ந்து மூவர் கூடாரத்தை இருவர் கூடாரமாக மாற்றி எடைக்கணக்கைப் புதிதாகப் போடும்போது அவர் சீட்டியடிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஓர் அண்ணை இருக்கிறார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டியவர். லிங்கெனையும் தாண்டி அப்பால் உள்ள கரை அது. அந்த நாட்களில் எத்தனையோ தமிழர் அங்கே அந்த வேலை பார்த்தார்கள். ஒருநாள் திட்டவாணர் புதிதாக வாங்கிய முதுகுப் பையோடு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்த மனுசன் எங்க வெளிக்கிடுறார்?"

"லிங்கெனுக்கு, அண்ணை."

"அங்கயோ? வேலை கிடைச்சிட்டுதோ?"

"இல்லை, சும்மா மலை ஏறப் போறாராம்."

"சும்மாவோ? காசு குடுத்தோ?" அண்ணை கொஞ்ச நேரம் அந்தப் பையையே பார்த்தார். "நான் உந்தப் பக்கத்தாலை ஒஸ்லோவுக்கு மாறி வரப் பட்ட பாடு எனக்கல்லோ தெரியும். உடுப்பு என்னண்டு கேட்டனீரோ?"

மூன்று அடுக்குக் கம்பளி, காற்றுப் புகாத மேலாடை, மழை புகாத மேல்மேலாடை என்று சொன்னேன். அண்ணை தலையாட்டினார். "எங்களிட்ட ரெண்டு சுவெற்றர் இருந்தது. ரெண்டையும் போட்டுக்கொண்டு போனனாங்கள்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டில் ஏறிவிட்டார்.

திட்டவாணரிடம் இதைச் சொன்னேன். அவர் அசரவில்லை. அந்த மலைகளின் வரலாறும் அவருக்கு அத்துப்படி. 1898இலும் 1899இலும் எலிசபெத் மெய்ன் என்ற பெண்மணி, சுவிஸ் வழிகாட்டிகளான இம்போடன் தந்தை மகனோடு அங்கே போய்க் கூடாரமடித்து, அதுவரை யாரும் கால் வைக்காத சிகரங்கள் பலவற்றில் ஏறினார். 1899இல் ஹேஸ்டிங்ஸ் என்ற ஆங்கிலேயரும் ஹோக்ரெனிங் என்ற நோர்வேக்காரரும் யெக்கெவாரி உச்சியைத் தொட்டார்கள். கைப்பேசியில் வானிலை பார்க்கிற காலமா அது? "அவர்கள் எப்படித்தான் போனார்களோ!" என்று திட்டவாணர் வியப்பார். போனார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய புதிர்.

ஜூலை தவறிவிட்டால் திட்டம் வசந்தகாலப் பனிச்சறுக்குக்கு மாறும். சிகரத்திலிருந்து கடல் விளிம்பு வரை சறுக்கி இறங்கலாம் என்று உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவது மார்ச் முதல் மே வரைதான். அதற்கும் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி வாங்கினார். சோபா மெத்தைக்கு அடியில் ஒன்றை ஒளித்துவைத்து இன்னொன்றால் தேடிப் பழகுவார். கடைக்குட்டி கருவியே இல்லாமல் கண்டுபிடித்துவிடும். பனிச்சரிவை நான் கேலி செய்யவில்லை. அது அங்கே உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை அளவை நோர்வே அரசு தினமும் வெளியிடுவதும் விளையாட்டுக்கு அல்ல. ஆனால் அளவை இரண்டாம் படியில் இருக்கும்போது "ஒன்றாகட்டும்" என்பார்; ஒன்றாகும்போது பனி உருகிவிட்டிருக்கும்.

ஸ்டெயின்டால் பனியாற்றின் அடிவரை நடந்து போவது அவருடைய திட்டத்தின் சிகரம். புவி சூடாவதால் அந்தப் பனியாறும் ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்குகிறது. இருவரும் எதிரெதிர்த் திசையில் பின்வாங்குவதால் சந்திப்பு நடக்க வாய்ப்புக் குறைவு.

கடைசியில் விடுமுறைக்கு மனைவி டிக்கெட் எடுத்துவிடுவார், கிரான் கனாரியாவுக்கு. வெயில் காயப் பாதி நோர்வேயும் போகிற தீவு. இதென்ன வடக்கே போகிறேன் என்றவர் தெற்கே போகிறீர் என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். "அமுண்ட்சனைத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். வட துருவத்துக்கு என்று ஊரை நம்பவைத்து 1910இல் ஃப்ராம் கப்பலில் புறப்பட்ட அமுண்ட்சன், மதெய்ராத் தீவை அடைந்த பிறகுதான் தென் துருவம் போகிறோம் என்று மாலுமிகளிடம் சொன்னார். கிரான் கனாரியா மதெய்ராவுக்குச் சற்றுத் தெற்கே. ஆகவே தாம் போவது அமுண்ட்சன் போன வழியாம். உண்மைதான். அமுண்ட்சன் 1911 டிசம்பரில் தென் துருவத்தை அடைந்தார். திட்டவாணர் ஹோட்டல் நீச்சல் குளத்தை அடைந்தார்.

நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. க்விக் லுன்ஷ் சாக்லேட்டின் உறைக்கு உட்புறத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். திட்டவாணர் தின்ற சாக்லேட் கணக்குக்கு அவை மனப்பாடமாகாவிட்டால்தான் வியப்பு. பயணத்தைத் திட்டமிடு, போகும் வழியைச் சொல்லிவிட்டுப் போ என்பது முதல் விதி. காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது எட்டாவது. உடல் வலுவைச் சேமித்து வை, தேவையானால் ஒதுங்கிக்கொள் என்பது ஒன்பதாவது. எட்டையும் ஒன்பதையும் எங்கள் திட்டவாணர் அளவுக்குக் கடைப்பிடித்த மலையேறி நோர்வே வரலாற்றிலேயே இருக்க முடியாது. முதல் விதியிலும் முன்பாதி பழுதில்லை. இடைப்பட்ட விதிகளுக்குத்தான் சந்தர்ப்பம் அமையவில்லை.

உங்களில் யாருக்காவது லிங்கென் போகும் எண்ணம் இருந்தால் துரொம்சோவுக்கு விமானத்தில் போய்விடுங்கள். அடுப்புக்கான காஸ் குப்பியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கேயே வாங்கலாம். நுளம்பு மருந்தை மறக்காதீர்கள். பனியாற்றின் மேல் வழிகாட்டியும் கயிறும் இல்லாமல் கால் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் திட்டவாணரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பாதை பிசகாது, படகு நேரமும் பிசகாது. புறப்படுமுன் எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதையும் அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். முதல் விதியின் பின்பாதிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் வீட்டில்தான் இருப்பார்.