நிற்கும் காருக்கு ஒரு வணக்கம்

2011இல் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்ட, தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாள் நடந்தார்கள். பாவம், கார் கண்காட்சி நடத்தலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. மலைநாட்டுச் சுற்றுலாத் தலமான எல்ல போன்ற சிற்றூருக்கு அதுதான் பொருத்தம்: சீசனில் வாகனங்கள் வீதியில் நகராமல்தான் நிற்கின்றன, டிக்கெட் அடிப்பது மட்டுமே பாக்கி. 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை ஐந்தாண்டு நீடித்ததில் பழைய காரெல்லாம் பொக்கிஷமாகிவிட்ட நாடு இது. பார்க்கக் காசு கேட்டால் தராமலா போவார்கள்? இத்தனை கார் நிற்கிறதே, புற்றுநோய் வந்த தோட்டத்துப் பிள்ளையை மஹரகம வைத்தியசாலைக்கு ஒன்றில் ஏற்றிப்போகக்கூடாதா என்று சிலர் முணுமுணுப்பார்கள். விவரமில்லாதவர்கள். மலையிறங்கினால் சேறு படும். சேறு பட்ட காருக்கு எந்த நடுவர் பரிசு கொடுப்பார்? பிள்ளைக்குத்தான் பஸ் இருக்கிறதே. மடியில் கிடத்திக்கொண்டு விடிய விடியப் போகலாம். அம்மாவுக்கு இரண்டு நாள் பேர், அதாவது நாட்கூலி, போகும், அவ்வளவுதான். கண்காட்சியின் சிகரம், எஞ்சின்களை உறுமவிடும் அங்கம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே அடுத்த வருடக் கண்காட்சிக்கும் பயனாளிகளுக்குப் பஞ்சமிராது. முன்வரிசை பிள்ளைகளுக்குத்தான்.