டல்லஸ் கடிதம்: தலைக்கு மேல் தார்

டெக்சாஸில் டல்லஸைச் சுற்றியுள்ள பிரிஸ்கோ, பிளேனோ போன்ற ஊர்களில் தமிழர் வாங்கும் வீடு பெரும்பாலும் வெளியே செங்கல், உள்ளே மரச்சட்டம், கூரையில் தார் ஷிங்கிள். மொட்டை மாடி கிடையாது. ஆகவே வடகம் காயவைக்கவும் வழியில்லை. கண்ணாடியிழைப் பாயின் மேல் தாரைப் பூசி, அதன்மேல் நிறமேற்றிய கல்துகளை அழுத்திவிட்டால் ஷிங்கிள் தயார். மழையைத் தடுப்பது தார், தாரை வெயிலிலிருந்து காப்பது துகள். துகள் உதிரத் தொடங்கினால் தார் வறண்டு வெடிக்கும். ரோடு போடுகிற சரக்கையா இத்தனை லட்சம் டாலர் வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரிலிருந்து வரும் மாமனார்கள் கேட்பதுண்டு. மாப்பிள்ளைகளிடம் பதில் இல்லை.

ரகங்கள் மூன்று. மலிவானது ‘த்ரீ டேப்’: மூன்றடி நீளம், ஓரடி அகலத் தகட்டில் இரண்டு வெட்டு விழுந்து மூன்று நாக்குகள். ஒற்றை அடுக்கு, தட்டையான தோற்றம். மணிக்கு 60 மைல் காற்றுவரைதான் இதற்குப் பொதுவாக உத்தரவாதம். டெக்சாஸ் வசந்தகாலப் புயல் அந்த எல்லையை மதிப்பதில்லை. அடுத்தது ‘ஆர்க்கிடெக்சுரல்’. இரண்டு அடுக்கை ஒட்டிச் செய்வதால் தடிமன் கூடும், மேடுபள்ளமாக மர ஓடு போலத் தெரியும், 110 முதல் 130 மைல் காற்றுவரை உத்தரவாதம் கிடைக்கும். பழைய கூரையைப் பிரிக்கும் கூலி, ஆணி, அடிவிரிப்பு, குப்பை வண்டி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. சரக்கு விலையில் மட்டும் மிச்சம் பிடிக்க த்ரீ டேப் போடுவது கல்யாணத்தில் தாம்பூலப் பையைக் குறைத்துக் கணக்குக் காட்டுவது போலத்தான். தோட்டத்துக் கொட்டகைக்கு அது போதும். மூன்றாவது ரகம், கற்பலகை போலத் தோன்றும் ‘டிசைனர்’. கனம் அதிகம், விலையும் அதிகம். தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்ப்பார் என்பது அதன் முக்கியப் பயன். இங்கே தெருவில் யாரும் நடப்பதில்லை.

டல்லஸில் கேள்வி ரகத்தோடு நிற்காது. ஆலங்கட்டியைத் தாங்குமா என்பதே பெரிய கேள்வி. இதற்கான பரிசோதனையில் நான்கு வகுப்புகள் உண்டு. நான்காம் வகுப்பில் தேற, இரண்டு அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டாலும் ஷிங்கிள் விரிசல் விடக்கூடாது. தாரில் ரப்பர் போன்ற பொருளைக் கலந்து பல கம்பெனிகள் இதைச் சாதிக்கின்றன. இதைப் போட்டால் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைக்கும். கையெழுத்துப் போடுமுன் பாலிசியைப் படிப்பது நல்லது: தள்ளுபடிக்குப் பதிலாக, ஒழுகாத வரை தோற்றம் கெட்டதற்குப் பணமில்லை என்று ஒரு வரி சில பாலிசிகளில் ஒளிந்திருக்கும்.

ஆலங்கட்டி பெய்து ஓய்ந்ததும் வாசல் மணி அடிக்கத் தொடங்கும். ஏணியோடு வருகிறவர் எல்லாருக்கும் கூரையில் சேதம் தெரியும். பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள் வந்து, கூரையில் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி சதுரம் வரைந்து, அடிபட்ட இடங்களை வட்டமிட்டு எண்ணுவார். வட்டம் போதவில்லையென்றால் புதுக் கூரை இல்லை. இழப்பில் வீட்டுக்காரர் தன் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு, இங்கே பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம். ‘அதை நாங்க பார்த்துக்கறோம் சார்’ என்கிற கான்டிராக்டரைக் கண்டால் ஒதுங்கிவிட வேண்டும். அப்படித் தள்ளுபடி செய்வது டெக்சாஸில் 2019 முதல் தெளிவாகவே சட்டவிரோதம்.

பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் ‘ஆயுள் உத்தரவாதம்’ தனிச் சுவை. ஆயுள் என்பது கூரையின் ஆயுளுமல்ல, மனிதனின் ஆயுளுமல்ல. முதல் சொந்தக்காரர் அந்த வீட்டை வைத்திருக்கும் காலம். தொடக்க ஆண்டுகள் கழிந்தபின் ஈட்டுத் தொகை வருடாவருடம் தேயும். ஆலங்கட்டி பொதுவாக அதில் சேராது. ஆணி தப்பான வரிசையில் இறங்கியிருந்தாலோ, பரணில் சூடு வெளியேறக் காற்றுவழி போதாதிருந்தாலோ உத்தரவாதமே செல்லாமல் போகலாம். ஆகவே ரகத்தை விசாரிப்பதைவிட, ஒரு ஷிங்கிளுக்கு நான்கு ஆணியா ஆறு ஆணியா என்று கேட்பது புத்திசாலித்தனம்.

நிறம்? கேட்காமலே குடியிருப்போர் சங்கம் சொல்லிவிடும்: சாம்பல், பழுப்பு, அல்லது சாம்பல் கலந்த பழுப்பு. ஹூஸ்டன் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் பாசி கறுப்பாக வழியும். அங்கே செம்புத் துகள் கலந்ததை வாங்குவார்கள்.

கணக்கு ‘ஸ்கொயரில்’: ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி, பெரும்பாலும் மூன்று கட்டு. சராசரி வீட்டுக்கு வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். கிளம்புமுன் புல்வெளியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் சக்கரம் வைத்த காந்தத்தை உருட்டி ஆணி பொறுக்குவார்கள். காந்தத்துக்குத் தப்பியதைக் கார் டயர் கண்டுபிடித்துக் கொடுக்கும்.