வானத்தைத் தாங்குகிறேன், குப்பையை நீ கொட்டு

வீட்டில் சும்மா நிற்கும் ஆண்பிள்ளைக்கு எங்கள் தோட்டத்துப் பேச்சில் பல பெயர்கள் உண்டு. அச்சில் போடக்கூடியது ஒன்றுமில்லை. அதே ஆள் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, நெஞ்சுக்கு முன்னால் கைகளை வளைத்து, கண்ணைப் பாதி மூடி நின்றால் அவன் சீனர்களின் சீகோங் வித்தை பயில்கிறான். யாரும் கூப்பிடக்கூடாது, வேலை ஏவக்கூடாது. சர்க்கரையும் முட்டிவலியுமாக ஓய்வுபெற்ற எனக்கு இதைவிடத் தோதான வித்தை வேறு எது?

ரந்தாவ் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பு. அப்பா பால்மரம் வெட்டிய நிரைகளில் இன்று செம்பனை நிற்கிறது. விடியற்காலையில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளும் அவர் கூட்டாளிகளும் திடலில் ஒரு சின்ன ரேடியோவைப் பாடவிட்டுக் கையை ஏற்றி இறக்குவார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் நின்றேன். அங்கிளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. ஆகவே இரண்டாயிரம் வருஷத்து ஞானம் எனக்கு மலாயில் வந்து சேர்ந்தது: "பெலான் பெலான். ஜாங்ஙான் கெராஸ்." மெதுவாய்ச் செய், விறைக்காதே. பாடத்திட்டமே அவ்வளவுதான்.

இரண்டாயிரம் என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடிய கல்லறையை 1970களில் தோண்டியபோது ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. அதில் 44 உருவங்கள் கைகாலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கின்றன. சீகோங் என்ற பெயர் பரவியது மட்டும் 1950களில். லியு குய்ச்சென் என்ற கட்சி ஊழியர், வயிற்றுப்புண்ணோடு ஊருக்குப் போய் மூச்சுப் பயிற்சி கற்றுத் தேறினார். பிறகு பெய்தாய்ஹே கடற்கரையில் அதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். பண்பாட்டுப் புரட்சியில் அதை மூடநம்பிக்கை என்று மூட்டை கட்டினார்கள். வயிற்றைச் சரிசெய்தவருக்கே அந்தக் கதி.

உடல், மூச்சு, மனம் மூன்றையும் ஒருசேரச் சீராக்குவதுதான் வித்தை. 'சீ' என்பது நம்ம பிராணனுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடையில் அது குடியிருக்கிறதாம். மனத்தை அங்கே வைக்க வேண்டும். என் வயிற்றில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க சர்வே ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

முதல் நாள் மரம்போல் நிற்க வைத்தார்கள். ஓய்வு என்று நம்பி நின்றேன். கொஞ்ச நேரத்தில் தொடை தானாக நடுங்கத் தொடங்கியது. வலது காதோரம் ஒரு கொசு வந்து பாட்டுப் பாடி, யோசித்து, கன்னத்தில் உட்கார்ந்தது. அடிக்கக்கூடாது. முன்னால் எழுபது தாண்டிய ஓர் ஆண்ட்டி நட்டுவைத்த கல்லாக நிற்கிறார். சும்மா நிற்பதற்கு இவ்வளவு உழைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் வீட்டில் பாத்திரமே தேய்த்திருப்பேன்.

மானம் போகாமல் இருக்கத் தமிழ்ப்பெருமையை எடுத்துவிட்டேன். 2011இல் 'ஏழாம் அறிவு' பார்த்தவன் ஆயிற்றே! "இதெல்லாம் எங்கள் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் உங்களுக்குக் கொடுத்தது." அவர் பெயரில் வழங்கும் தசைநாண் பயிற்சி நூல் அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து, 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது, அதை நான் சொல்லவில்லை. அங்கிள் மறுக்கவும் இல்லை. "அப்படியானால் நீதான் எங்களைவிட நன்றாகச் செய்ய வேண்டும்" என்றார்.

நான் நிற்கும் இதே விடியற்காலை இருட்டில்தான் அப்பா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றார். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது தளர்ந்துவிடும். உளி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினாலும் பட்டை புண்ணாகும். அதனால் கையை விறைக்காமல், மரத்தைச் சுற்றிக் காலை நகர்த்தி, ஒரே இழுப்பாக இழுப்பார். ஆனால் "பெலான் பெலான்" என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நிரை முடியாவிட்டால் கங்காணி சொல்வதே வேறு.

திடலில் அடுத்து 'எட்டுத் துண்டுப் பட்டு' என்ற பயிற்சி. முதல் துண்டில் இரு கையாலும் வானத்தைத் தாங்க வேண்டும். ஐந்தாவதில் தலையை ஆட்டி, வாலை ஆட்டி, நெஞ்சின் சூட்டைத் தணிக்க வேண்டும். இல்லாத வாலை ஆட்டுவதில் எனக்கு அலுவலக அனுபவம் நிறைய. ஏழாவதில் முஷ்டியை இறுக்கிக் கண்ணை உருட்டி முறைக்க வேண்டும்; அதை வீட்டில் பழக எனக்குத் தைரியமில்லை. மெதுவாய் அசைந்து பழகினால் வயசானவர்கள் தடுமாறி விழுவது குறையும் என்று மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்து என்பவரைக் கண்டால் மட்டும் ஓடிவிடுங்கள். அங்கிளே மாத்திரை டப்பாவோடுதான் வருகிறார்.

ஆறு ஒலிப் பயிற்சியும் உண்டு. கல்லீரலுக்கு 'ஷூ', நுரையீரலுக்கு 'ஸ்ஸ்'. ஒருநாள் வாசலில் நின்று நுரையீரலைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மனைவி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"செம்பனைக்குள்ளேருந்து பாம்பு வந்துருச்சோன்னு நெனச்சேங்க!"

நான் பதில் பேசாமல் முதல் துண்டுக்கு மாறி வானத்தைத் தாங்கினேன்.

"தாங்கினது போதும், குப்பை லாரி வந்துருச்சு. பையைக் கொண்டுபோய்ப் போடுங்க."

தாங்கிய கையைச் சட்டென்று இறக்கக்கூடாது. மூச்சை விட்டுக்கொண்டே, விலாப்பக்கமாக, பெலான் பெலான்தான் இறக்க வேண்டும். இறக்கி முடிப்பதற்குள் லாரி அடுத்த சாலைக்குப் போய்விட்டது.