கொழுப்பைக் கழித்த கறி

கொழுப்பில்லாத மாட்டுக்கறியில் அப்படி என்னதான் சத்து இருக்கிறது? (நாகர்கோவில்)

வெந்த பின்தொடைக்கறி 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் ஏறக்குறைய 28 கிராம், கொழுப்பு 5 கிராமை ஒட்டி. இரும்பு இரண்டரை மில்லிகிராம். ஒரு நாளைக்கு வேண்டிய பி12-ல் பெரும்பகுதி, துத்தநாகத்தில் ஏறக்குறைய பாதி. நார்ச்சத்து மட்டும் துளியும் இல்லை. கறி வேகும்போது கால்பங்கு எடை குறைந்துவிடும். 400 கிராம் வாங்கினால் தட்டுக்கு வருவது 300தான்.

முருங்கைக்கீரையில் இதைவிட இரும்பு அதிகம் என்கிறாரே என் மாமியார்? (திண்டுக்கல்)

அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் நம் உடம்பு உறிஞ்சிக்கொள்வது சொற்பம், பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கறியில் இருப்பதில் கணிசமான பங்கு ஹீம் இரும்பு. அதில் 15 முதல் 35 சதவீதம்வரை உடம்பில் சேரும். இன்னொரு நல்ல செய்தி: கீரையோடு கறியும் சேர்ந்தால், கீரையின் இரும்பும் கூடுதலாக உடம்பில் ஏறும். மாமியார் பொரியல் செய்யட்டும், நீங்கள் கறி வையுங்கள். எலுமிச்சை பிழிய மறக்க வேண்டாம்.

பீஃப் சுக்கா உடம்புக்கு நல்லதா? (வாணியம்பாடி)

கறி நல்லதுதான், சட்டியைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கொழுப்பு 14 கிராம். கால் கிலோ தொடைக்கறியில் மொத்தமே 10 கிராமை ஒட்டித்தான் இருக்கும். நாலு கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுருளச் சுருள வறுத்தால், கறியில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கொழுப்பு அடுப்படியில் சேர்ந்துவிடுகிறது. முதலில் குக்கரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே மிளகும் சோம்பும் போட்டு வற்றவிடுங்கள். கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் புரட்டினால் போதும். ருசிக்குக் குறைவிருக்காது.

எவ்வளவு வேகவைத்தாலும் செருப்பாட்டம் இருக்கிறதே? (சேலம்)

நடந்து நடந்து உரமேறிய தசை அது. கறியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே நறுக்குங்கள். பச்சைப் பப்பாளிக்காயைக் கொஞ்சம் அரைத்துத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு சிறுதீயில் நிதானமாக வேகட்டும். கடையில், வெட்டுவதற்கு முன்பே, ‘ஜவ்வு எடுத்துடுங்க பாய்’ என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தினமும் சாப்பிடலாமா? (சென்னை)

வேண்டாம். சிவப்பிறைச்சி வாரத்துக்கு, வெந்த கணக்கில், 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிவுரை. சாசேஜ், சலாமி வகைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2015-ல் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்திவிட்டது. யூரிக் அமிலம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறிதான். வெளியே சொல்லப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். (வேலூர்)

அந்தப் பிள்ளை கூச்சப்பட ஒன்றுமே இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள். மட்டன் விலை எட்டாத வீட்டில் வளரும் பெண்ணுக்கு இரும்பும் பி12-ம் ஒரே தட்டில் கிடைக்கிறதென்றால், அதை வாங்கிவந்து ஆக்கிப்போடும் அம்மாவை நான் கும்பிடுவேன். டிபன் பாக்ஸைத் தலைநிமிர்ந்து திறக்கச் சொல்லுங்கள்.

பிரியாணி முடித்த கையோடு டீ? (ஆம்பூர்)

ஒரு மணி நேரம் கழித்து. முதலில் இரும்பு உடம்பில் ஏறட்டும்.